ஓ.டி.பி. சொல்லாத வார்டன்

எரிந்துபோன பழைய போர்வெல் மோட்டாருக்குப் பதிலாகப் புது மோட்டார் வந்து பதினாறு நாளாகிவிட்டது. எழுமலைப் பக்கத்து அரசு மாணவியர் விடுதியின் வராந்தாவில், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நாற்பத்தெட்டுப் பெண்பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனார்கள். பொதுத்தேர்வு எழுதும் ஆர்த்திகாகூட விடியலில் நாலு நடை சுமந்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டாள். வார்டன் ஆனிமேரிக்கு வயிறு எரிந்தது.

அரசாங்கம் கொள்முதலை எளிமையாக்கிவிட்டதாம்! முன்பெல்லாம் மூன்று கொட்டேஷன், முப்பது கையெழுத்து. இப்போது கம்ப்யூட்டரில் நாலு தட்டு, ஆறாம் நாள் மோட்டார் வாசலில். அதுவரை சரிதான், ஆனிமேரியும் ஒத்துக்கொள்வாள். ஆனால் மோட்டார் 'பொருளாம்'. அதைப் போர்வெல்லுக்குள் இறக்குவது 'சேவையாம்'. சேவைக்குத் தனி டெண்டர். அதற்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. அடுத்த தெரு மெக்கானிக் தவசி ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடுவான். அவன் பெயர் இணையதளத்தில் இல்லை, அவன் தொட்டால் உங்களுக்கு மெமோ என்று மதுரை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். என்ன கொடுமை இது!

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த ஆபீசிலிருந்து அதிகாரி சூரியபிரகாஷ் போன் செய்தார்.

"மேடம், மோட்டார் ஃபைலை முடிக்கணும். 'பொருள் கிடைத்தது, திருப்தி'ன்னு போட்டாச்சு. உங்க செல்லுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், அத மட்டும் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு மீட்டிங். கொள்முதல்ல நம்ம மாவட்டந்தான் ஃபர்ஸ்ட்!"

செல்லில் ஆறு எண்கள் வந்திருந்தன. பதினாறு நாளாகக் கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வற்றியவளிடம் இன்றுதான் அவர்கள் ஒன்று கேட்கிறார்கள்.

"சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"யாருக்கு சார் திருப்தி? எம் பிள்ளைக பரீட்சை நேரத்துல குடம் சுமக்குதுக. குழாயில தண்ணி வரட்டும், சொல்றேன்."

"ரூல் தெரியாமப் பேசாதீங்க. மெமோ குடுப்பேன்."

"குடுங்க! அதுக்கும் டெண்டர் விடணுமா, நேரா வந்துருமா?"

போன் பட்டென்று துண்டானது. ஆனிமேரி, வேலை போனால் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. சூரியபிரகாஷின் குரல் இறங்கியிருந்தது.

"சரி, அந்த மெக்கானிக்கவே கூப்பிடுங்க. அவசர வேலைன்னு நான் எழுதிக்கிறேன்."

"அத எழுத்துல அனுப்புங்க சார்."

ஒரே வரி, உடனே வந்தது. தவசி இரண்டு ஆட்களோடும் கயிறோடும் வந்து இறக்கினான்.

"இம்புட்டு வேலைக்கா அக்கா இத்தன நாளு?" என்றான்.

நாலரை மணிக்குக் குழாய் இருமியது, கலங்கலாகக் கக்கியது, பிறகு தெளிந்து கொட்டியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். தெருவுக்குக் கிளம்பிய ஆர்த்திகா குடத்தைக் கீழே வைத்தாள். ஆனிமேரிக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் ஏறியது. முடியவே முடியாது என்றவர்களுக்கு, தங்கள் கழுத்துக்குக் கத்தி வந்ததும் ஒரு வரியில் முடிந்துவிட்டதே!

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சூரியபிரகாஷ் அழைத்தார். ஆனிமேரி சொன்ன சொல் தவறாமல் ஆறு எண்களையும் படித்தாள்.

"ஐயையோ, டைம் முடிஞ்சிருச்சுன்னு காட்டுதே! மறுபடி அனுப்புறேன் மேடம், கொஞ்சம் சீக்கிரம்..."

"அனுப்புங்க சார். வர்ற வரைக்கும் காத்திருங்க. நாங்க பதினாறு நாள் காத்திருந்தோம்."

செல்லைக் காலிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.