தில்லை நகர் கிளினிக்கின் நீலப் படம்

2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை மாலை, திருச்சி தில்லை நகரில் ஒரு பல் கிளினிக்கில் காத்திருந்த நான்கு பேர், பெயர் கூப்பிடுவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

கிளினிக் டாக்டர் வைஷ்ணவியுடையது. உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் வெளியே நாற்காலிகள் காலியாகிவிடும். இப்படியே போனால் தீபாவளியோடு மூடிவிட்டு எங்காவது வேலைக்குச் சேர வேண்டியதுதான். காத்திருப்பவர்கள் பார்க்கும்படி அமைதியான படம் ஒன்று மாட்டலாம் என்றான் கணவன் அஜித்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் நவநீதனின் படக்கடைக்குப் போனார்கள். அவர் முதலில் பள்ளிகொண்ட பெருமாளை எடுத்தார்.

“சாமி படம் வேண்டாங்க. எல்லா மதத்துக்காரங்களும் வர்ற இடம்,” என்றாள் வைஷ்ணவி.

அடுத்து ஏழு குதிரைகள்.

“எங்க சுவத்துல மாட்டினா இதுங்க வாசலைப் பார்த்துல்ல ஓடும்? பேஷண்ட் பண்றதே அதான்,” என்றான் அஜித்.

அருவிப் படத்தை நவநீதனே திரும்ப உள்ளே வைத்தார். “இதைப் பார்த்துட்டு உக்காந்தா அடிக்கடி பாத்ரூம் போவாங்க.”

கடைசியாக ஒன்று வந்தது. முழுக்க நீலம், நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு.

“இது என்னங்க?”

“மாடர்ன் ஆர்ட். யாரும் கேட்டதில்ல, அதனால நானும் தெரிஞ்சு வச்சுக்கல. கண்ணாடி போட்டுத் தரவா, கேன்வாஸ்ல வேணுமா? கேன்வாஸ்ல கறை பட்டா போகாது.”

“கண்ணாடியில டியூப் லைட்தான் தெரியும். சுவத்துல தொங்குற படத்துல என்ன கறை படப்போகுது? கேன்வாஸே குடுங்க,” என்றாள் வைஷ்ணவி.

ஆயுத பூஜையன்று, கிளினிக்கைச் சுத்தம் செய்யும் இருசம்மாள் டிரில், நாற்காலி, எக்ஸ்ரே மெஷின், அஜித்தின் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். படத்தின் வெள்ளைத் திட்டிலும் வைத்தாள்.

“படத்துக்கு எதுக்கு இருசம்மா?”

“எல்லாத்துக்கும் வச்சுட்டு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும், டாக்டரம்மா?”

வைஷ்ணவி ஈரப் பஞ்சால் துடைத்தாள். குங்குமம் இன்னும் பெரிதானது.

விடுமுறை முடிந்த முதல் நாள் வந்தவர்களில் ஒருவர் மண்ணச்சநல்லூர் அமிர்தம். படத்தைப் பார்த்ததும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். டிரில் சத்தம் கேட்டது. அமிர்தம் எழுந்து, படத்தின் முன் கண்ணை மூடி நின்றுவிட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“எந்த சாமிங்க டாக்டர் இது?” என்று கேட்டார், வைஷ்ணவி வெளியே வந்ததும்.

“சாமி இல்லம்மா. சும்மா கலர்.”

“சொல்லக்கூடாதுன்னா விடுங்க.”

‘இது சாமி படம் அல்ல’ என்று எழுதிப் படத்தின் கீழே ஒட்டினாள் வைஷ்ணவி. யாரோ போட்ட மல்லிகைச் சரம் அதை மறைத்தது. பொறுக்க முடியாமல் படத்தையே கழற்றி எக்ஸ்ரே அறையில் வைத்தாள். அன்று டிரில் ஓடியதும் வெளியே நாற்காலிகள் காலியாயின. வாய் மரத்துப்போய் உள்ளே சாய்ந்திருந்த சவரிநாதன் மட்டும்தான் மிச்சம்.

“நான் சர்ச்சுக்குப் போறவன் டாக்டர். இருந்தாலும் அதை மாட்டிடுங்க,” என்றார் அவர், குழறியபடி.

மாட்டினார்கள். தீபாவளிக்குப் பிறகும் கிளினிக் திறந்திருந்தது. வாசலில் செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கிப் போட்டார்கள்.