சகலையின் ஃபைலில் ஒரு மெட்டு

சகலையின் ஃபைல் முதல் தட்டிலேயே ஓடிவிட்டது. ஒரு சிவப்பு வரி இல்லை. ஓர் எச்சரிக்கை இல்லை. எக்ஸ்பிரஸின் வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது அந்த நிமிடம்தான்.

எக்ஸ்பிரஸ் என்பது அந்த அறை அவனுக்கு வைத்த பெயர். இசைக்குழுவின் அரங்கத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நோட்டேஷன் அறை. இசையமைப்பாளர் பென்சிலில் கிறுக்கி அனுப்புவதை, வாத்தியத்துக்கு ஒரு தாள்கட்டு, அதாவது 'பார்ட்', என்று வாத்தியக்காரர்கள் கண்ணால் பார்த்து வாசிக்கிற மாதிரி அச்சாக்கிக் கொடுப்பது அங்கே வேலை. மவுஸைப் பிடித்துக்கொண்டு ஐந்து கோட்டில் புள்ளி வைக்கிற சமாசாரம் இல்லை. எல்லாமே எழுத்து. சுரத்துக்கு ஓர் எழுத்து, நீளத்துக்கு ஓர் எண், மேல் ஸ்தாயிக்கு ஏற்ற ஒரு சின்னக் குறி, கீழே இறக்க ஒரு கமா. கடிதம் அடிப்பது போல அடித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால், மென்பொருள் அதைப் படித்துத் தாளில் வரைந்து தரும். அல்லது திட்டும். திட்டு வந்து விழுகிற பெட்டிக்கு லாக் என்று பெயர்.

எக்ஸ்பிரஸ் அடித்தால் தகரத்தில் மழை பெய்கிற சத்தம் கேட்கும். அவனுடையது 'ரிலேட்டிவ்' முறை. ஒவ்வொரு சுரமும் முந்தின சுரத்துக்குப் பக்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய தாவல் வந்தால் மட்டும் குறி போட்டால் போதும். விரல் பறக்கும். ஆனால் ஓரிடத்தில் குறி கூடிப்போனால் அதற்குப் பின்னால் வருகிறவை அத்தனையும் கும்பலாக மாடி ஏறிவிடும். போதாக்குறைக்கு, பல தாளக் கட்டங்களை ஒரே வரியில் அடைத்து எழுதுகிற பழக்கம் வேறு. பிழை ஓரிடத்தில் இருக்கும். லாக் இன்னோர் இடத்தைக் காட்டும். பாதி ஃபைலை மறைத்து ஓட்டிப் பார்ப்பான், அப்புறம் மறுபாதியை. தினமும் மல்லுக்கட்டு. அவனைப் பொறுத்தவரை வேலை என்றால் அப்படித்தான் இருக்கும்.

சகலை வந்து சேருகிற வரைக்கும்.

மனைவியின் தங்கை புருஷன். வேலை இல்லாமல் இருந்தவனை, மனைவி நச்சரித்ததால், எக்ஸ்பிரஸ்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்து மேஜையில் உட்கார வைத்தான். தன் காசில் தானே வாங்கிய தலைவலி. சகலை எழுதியது 'அப்சல்யூட்' முறையில். ஒவ்வொரு சுரத்துக்கும் முழு விலாசம், எந்த ஸ்தாயி என்பது உட்பட. வரிக்கு ஒரு கட்டம். கட்டம் முடிந்ததும், தாளம் சரியாக நிறைந்ததா என்று மென்பொருளைக் கேட்கிற ஒரு செங்குத்துக் கோடு. எக்ஸ்பிரஸ் ஒரு பக்கம் முடிக்கும்போது சகலை நாலு வரி தாண்டியிருப்பான். ஆமை என்று மனசுக்குள் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான் எக்ஸ்பிரஸ்.

ஆமை பொத்தானை அழுத்தியது. ஃபைல் ஓடியது. அன்றோடு சிரிப்பு நின்றது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. மனைவி அதே இசைக்குழுவில் வயோலா, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய தந்தி வாத்தியம், வாசிக்கிறவள். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னங்க, சின்ன மாப்பிள்ளை போட்ட பார்ட் இன்னைக்கு வந்துச்சு. பக்கம் திருப்புற இடம் எல்லாம் கரெக்டா வாசிப்பு இல்லாத எடத்துல வருது. வாசிக்கிறவ கையை நெனச்சுப் பாத்து செஞ்சிருக்காரு."

"ஓஹோ."

"உங்க பார்ட்ல நான் வாயாலதான் பக்கத்தைத் திருப்பணும்."

"வாய் சும்மா இருந்தா திருப்பிக்கோ. எப்பவும் பேசிட்டுத்தானே இருக்கு!"

அவள் சிரித்தாள். எக்ஸ்பிரஸ் சிரிக்கவில்லை. பல் தேய்க்கும்போதும் 'கையை நெனச்சு' என்பது காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது.

இது வெறும் வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். ஆனால் அடுத்த வாரம் மேடம் ஒரு குண்டைப் போட்டார்.

மேடம்தான் அறையின் தலைமை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கை வைத்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி தன்னுடையது என்று எக்ஸ்பிரஸ் எப்போதோ முடிவு பண்ணியிருந்தான். வர வேண்டிய நாள்தான் பாக்கி. மேடம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"நான் மியூசிக் காலேஜுக்கு மாறிப் போறேன். என் இடத்துக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். புது சிம்பொனி வந்திருக்கு. தந்தி வாத்தியம் எல்லாம் உங்களுக்கு எக்ஸ்பிரஸ், காத்து வாத்தியம் தம்பிக்கு. யாரோட பார்ட் ஒத்திகையில ஒரு திருத்தம்கூட இல்லாம நிக்குதோ, அவங்களுக்கு இந்த நாற்காலி."

"அண்ணன் இருக்கும்போது எனக்கு எதுக்கு மேடம்?" என்றான் சகலை.

எக்ஸ்பிரஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டி போட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்கிறானாமே!

"அதெல்லாம் வேணாம் சகலை. திறமைன்னு வந்துட்டா உறவு எதுக்கு?" என்றான், வாயெல்லாம் பல்லாக.

வேலை ஆரம்பித்தது. எக்ஸ்பிரஸ் பேய் மாதிரி அடித்தான். வயலின் முடிந்தது. செல்லோ முடிந்தது. வயோலாவில் வந்து மாட்டிக்கொண்டான். நடுப்பகுதியில் நீளமான ஒரு மெட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தாளம் வெட்டி வெட்டி மாறுகிறது. பொத்தானை அழுத்தினால் லாக் முழுக்கச் சிவப்பு. கட்டம் நிறையவில்லை, கட்டம் நிறையவில்லை என்று ஒரே கூச்சல். பாதியை மறைத்தான். கூச்சல் இடம் மாறியது. மறுபாதியை மறைத்தான். புதிதாக இன்னொரு கூச்சல். மறுநாள் காலையில் ஒத்திகை.

பக்கத்து மேஜையில் சகலை எழுந்து நின்று சோம்பல் முறித்தான்.

"அண்ணே, சாப்பிட வரலையா?"

"நீங்க போங்க சகலை. எனக்குப் பசியில்ல."

சகலை போனான். திரையை மூடாமலேயே போனான்.

எக்ஸ்பிரஸ் கதவைப் பார்த்தான். கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான். மேடம் போனில் இருந்தார். நாற்காலியைக் காலாலேயே உருட்டிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போனான்.

ஓபோ என்கிற காற்று வாத்தியத்தின் ஃபைல் திறந்திருந்தது. வரிசை வரிசையாக, சீப்பால் வாரி விட்டது போல. சும்மா பார்க்கத்தான் வந்தான், சத்தியமாக. நடுப்பகுதிக்கு வந்ததும் கண் நிலைகுத்தியது. அதே மெட்டு! வயோலாவும் ஓபோவும் அந்த இடத்தில் சேர்ந்து ஒரே மெட்டை, ஒரே ஸ்தாயியில் வாசிக்கின்றன. தன்னை இரண்டு நாளாகக் கொன்ற அதே கட்டங்கள் இங்கே ஒவ்வொரு வரியிலும் அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

அத்தனை வரிகளையும் தேர்ந்தெடுத்தான். ஒரு காப்பி. தன் மேஜைக்குப் போய் ஒரு பேஸ்ட். தன்னுடைய மெட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சகலையின் வரிகள். பொத்தானை அழுத்தினான்.

லாக் கண்ணாடி மாதிரி வந்தது.

இத்தனை வருஷத்தில் அவனுக்கு முதல் தட்டில் சுத்தமான லாக் வந்ததே இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்தான், அழகாக இருந்தது. மிச்சப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் லாக் சுத்தமாக இருந்தால் பக்கமும் சுத்தம் என்கிற மூடநம்பிக்கை, லாக்கிடம் வருஷக்கணக்காக அடி வாங்கியவனுக்குத்தான் வரும். ஃபைலை அச்சுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

சகலை கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "என்ன அண்ணே, முகம் பிரகாசமா இருக்கு?"

"பசி அடங்கிடுச்சு சகலை."

மறுநாள் ஒத்திகை. அரங்கத்தின் கடைசி வரிசையில் மேடம், ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ், மறுபக்கம் சகலை. மேடையில் இசைக்குழுவை நடத்துகிற இயக்குநர் கோலை உயர்த்தினார். முதல் பகுதி நழுவிக்கொண்டு போனது. எக்ஸ்பிரஸ் கால் மேல் கால் போட்டுக்கொண்டான். நடுப்பகுதி வந்தது. ஓபோ அந்த மெட்டை எடுத்தது.

வயோலாக்கள் எடுக்கவில்லை.

இயக்குநர் கோலைத் தட்டினார். "வயோலா! எங்க போயிட்டீங்க?"

வயோலா வரிசையில் இருந்த மீசைக்காரர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "நாங்க எங்கயும் போகல சார். சுரம்தான் போயிடுச்சு. எங்களுக்கு ஏணி ஏதாவது குடுப்பீங்களா?"

மேடை முழுக்கச் சிரிப்பு. பின் வரிசையிலிருந்தே தெரிந்தது. சுரங்கள் ஐந்து கோட்டை விட்டுக் கிளம்பி, குட்டிக் குட்டிக் கோடுகளைப் படியாகப் போட்டுக்கொண்டு, மேல் வரியை இடித்துத் தள்ளி, பக்க எண்ணையும் மிதித்துக்கொண்டு தாளுக்கு வெளியே ஏறிப் போயிருந்தன.

எக்ஸ்பிரஸின் மனைவி தன் தாளை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இருட்டில் கடைசி வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"என்னங்க இது? எங்களுக்கு எழுதினீங்களா, வௌவாலுக்கு எழுதினீங்களா?"

மேடம் திரும்பினார். "எக்ஸ்பிரஸ்?"

 எப்படி? லாக் சுத்தமாக இருந்ததே! அப்போதுதான் மூளைக்குள் ஒரு மின்னல். திறந்தே கிடந்த திரை. சாப்பிடக் கூப்பிட்ட குரல். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்! எக்ஸ்பிரஸ் துள்ளி எழுந்தான்.

"இவன்தான் மேடம்! இவன் ஃபைல்ல ஏதோ கண்ணி வெச்சிருக்கான்! எடுத்து ஒட்டுனதும் இப்படி ஆயிடுச்சு!"



"எங்கிருந்து எடுத்து எங்க ஒட்டுனீங்க?" என்று கேட்டார் மேடம், மெதுவாக.

 மேடையில் மனைவி வயோலாவை மடியில் இறக்கி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அதுதான் தாங்கவில்லை.

சகலை எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "கண்ணியா? நானா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வந்து மாத்திக் குடுத்திருப்பேனே அண்ணே. கண்ணி வெச்சேன்னு சொல்லிட்டீங்களே!" விருட்டென்று வெளியே போய்விட்டான்.

அந்தக் கோபத்தைப் பார்த்த கணத்தில் எக்ஸ்பிரஸுக்குப் புரிந்துவிட்டது. கண்ணியும் இல்லை, மண்ணும் இல்லை. சகலையின் சுரம் ஒவ்வொன்றும் முழு விலாசத்தோடு வந்தது. அதைக் கொண்டுபோய், தன் ஃபைலைச் சுற்றிப் போட்டிருக்கிற ரிலேட்டிவ் அடைப்புக்குறிக்குள் போட்டால், மென்பொருள் விலாசத்தை விலாசமாகவா பார்க்கும்? 'முந்தினதை விட ஒரு ஸ்தாயி மேலே' என்றுதான் படிக்கும். சுரத்துக்குச் சுரம் ஒரு மாடி. இலக்கணப்படி எல்லாம் சரி, அதனால் லாக்கும் திட்டவில்லை. புதிதாக வந்த பையன்கூடச் செய்யாத தப்பு. பார்த்து எழுதியிருந்தாலே தெரிந்திருக்கும். திருடுகிறவனுக்குப் படிக்க ஏது நேரம்?

"டீ பிரேக்" என்றார் இயக்குநர், வெறுப்போடு.

எக்ஸ்பிரஸ் ஓடினான். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. ஒட்டின இடத்துக்கு முன்னால் ரிலேட்டிவ் அடைப்பை மூடினான். மெட்டு முடிந்த இடத்தில் புதிய அடைப்பைத் திறந்தான். முதல் சுரத்துக்கு ஸ்தாயியைச் சரிபார்த்தான். பொத்தான். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான், விரலை வைத்து. வாத்தியக்காரர்களின் கோப்பையில் டீ ஆறுவதற்குள் புதுத் தாள்கள் ஸ்டாண்டில் இருந்தன. வயோலாக்கள் வாசித்தார்கள். மெட்டு நன்றாகத்தான் இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்குள் மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"சரிபண்ண உங்களை மாதிரி ஆள் கிடையாது எக்ஸ்பிரஸ். ஆனா நான் சொன்னது ஒரு திருத்தம்கூட இல்லாமன்னு. நாற்காலி தம்பிக்கு."

"சரிங்க மேடம்."

"கேட்டு வாங்குறதுல என்ன குறைஞ்சிடும் உங்களுக்கு?"

எக்ஸ்பிரஸ் அந்தப் பெரிய நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தான். 

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் விருந்து, பதவி வந்த சந்தோஷத்துக்கு. எக்ஸ்பிரஸ் வயிற்றுவலி என்றான், கால்வலி என்றான். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீங்க வரலைன்னா அவளுக்கு என்னன்னு சொல்லுவேன்? ஆடிட்டோரியத்துல நடந்ததைச் சொல்லட்டுமா?"

"நீ இன்னும் சொல்லலையா?"

"எம்புருஷன் மானத்தை நானே கூவி விப்பேனாக்கும்! ஆனா அவரு சொல்லியிருப்பாரு. கட்டுன பொண்டாட்டிகிட்ட சொல்லாமலா இருப்பாரு? வாங்க, பட வேண்டிய அசிங்கத்தை ஒரே நாள்ல பட்டுடலாம்."

போனார்கள். கதவைத் திறந்தது மச்சினிதான். அவனைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"அத்தான்! எனக்கு எல்லாம் தெரியும். அவரு சொல்லிட்டாரு."

 இதோ, அடி விழப்போகிறது என்று எக்ஸ்பிரஸ் வாசற்படியிலேயே நின்றான். கூடத்தில் சகலை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று முதுகே சொன்னது.

"வயோலா பக்கத்துல ஏதோ கோளாறாமே," என்றாள் மச்சினி. "எல்லாரும் கையைப் பெசஞ்சுட்டு நின்னாங்களாம். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க சரிபண்ணிக் குடுத்தீங்களாம். 'அண்ணன் வேகத்துக்கு நான் ஏழு ஜென்மம் எடுக்கணும்'னு ரெண்டு நாளா இதே பேச்சு அத்தான்."

மனைவி மெல்ல அவன் முழங்கையைத் தொட்டாள். சகலை அப்போதும் திரும்பவில்லை. தட்டுகளின் விளிம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கோணல் இல்லாமல் வைத்துக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. எடுத்து ஒட்டினதைச் சொல்லாமல் விட்டதுதான் மிச்சம்.

எக்ஸ்பிரஸ் பிழைத்தான். மூச்சு வந்தது. கூடவே, அடி வயிற்றில் பழைய அடுப்பு மறுபடி மெல்லப் பற்றியது, முன்னைவிடச் சூடாக.

இதிலும் பயல் முந்திக்கொண்டானே!