எட்டு ஏலக்காய்

என் கோபமெல்லாம் என்மேல்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1983-இல் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். தற்காலிக வேலை. மைக்ராஸ்கோப் கிடையாது, அதனால் செல் பிரிவதைப் பிள்ளைகளையே கையால் செய்து பார்க்கச் சொல்வேன். தட்டுதான் செல். இரண்டிரண்டாக நூலில் கட்டிய எட்டுப் புளியங்கொட்டைகள் நான்கு குரோமோசோம்கள். அவற்றை நடுவில் வரிசையாக வைத்து நூலை அறுத்து, ஜோடியில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுத்தால் இரண்டு செல்லுக்கும் நான்கு நான்கு.

பத்தாம் வகுப்பு சந்திரவல்லி எல்லாரையும்விடச் சுத்தமாகச் செய்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அதையே வைக்கலாம் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

"புளியங்கொட்டை எந்த ஊர்லயும் கெடைக்கும். நம்ம ஊரு ஏலக்காயில செய்யேன். ஒங்கம்மா காய்க்கடையிலதான வேல பாக்குது?" என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்ட திமிர் எனக்கு.

அவள் அம்மா மருதாயி, ராஜாராம் முதலாளியின் ஏலக்காய்க் கடையில் ஒன்பது வருஷமாகக் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவள். சாயங்காலம் பெண்கள் வரிசையில் நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். மகளுக்காக எட்டுக் காயைக் கொண்டைக்குள் சொருகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்தவர் அதே முதலாளி. பள்ளிக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். சந்திரவல்லி நூலை அறுத்துக் காட்டினாள். அவர் ஒரு காயை எடுத்து விரலில் உருட்டினார்.

"நல்ல எட்டு எம்.எம். காயி, மொதத் தரம். ஏது பாப்பா?"

"எங்கம்மா கொண்டாந்துச்சுங்கய்யா. ஒங்க கடையிலதான் வேல பாக்குது," என்றாள் பெருமையாக.

'நான்தான் கேட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டிக் கூட்டம். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாளே மருதாயியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். திருடி என்று பேராகிவிட்டதால் வேறு கடைகளிலும் சேர்க்கவில்லை. சந்திரவல்லி பள்ளிக்கு வருவதும் நின்றது.

பதினைந்து நாள் கழித்து ஜீப் நிற்கும் இடத்தில் இரண்டு பேரையும் பார்த்தேன். மலையில் எஸ்டேட்டு வேலைக்குப் போகிறார்கள், கையில் சட்டி பானை மூட்டை. நான் ஒதுங்கப் பார்த்தேன். மருதாயியே கிட்டே வந்துவிட்டாள்.

"டீச்சரம்மா, நீங்கதான் கேட்டீகன்னு இவ சொன்னா. மொதலாளி எம்புட்டோ அதட்டிக் கேட்டாரு, ஒங்க பேர நான் எடுக்கல. ஒங்க சோலியும் போயிருமில்ல."

சந்திரவல்லி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஜீப்பு கெளம்பப் போகுது, வெரசா ஏறுங்க," என்றேன். என் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.