வைரஸுக்குத் தெரியாத விஷயம்

சின்னவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அச்சகத்தின் வாசலில் நுழைவதென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். ஆனாலும் அவன் சின்னவன்தான். அக்கா அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டாள். விசிட்டிங் கார்டு அடிக்க வருகிறவர்கள்கூட அப்படியே கூப்பிடுகிறார்கள். அப்பா அம்மா போன பிறகு அச்சகத்தையும் தம்பியையும் அவள்தான் கட்டி மேய்க்கிறாள். அச்சகமாவது சொன்ன பேச்சைக் கேட்கும்.

அவனுக்குப் பெண் தேடித் தேடி அக்காவுக்குக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு இடத்தில் மாப்பிள்ளை குண்டு என்றார்கள். இன்னொரு இடத்தில் மாப்பிள்ளை பரவாயில்லை, அக்காதான் வாயாடி என்றார்கள். கடைசியில் வெளியூரில், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், அவனை நேராகப் பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சின்னவன் மிஷினுக்கு எண்ணெய் விடும்போதுகூடத் தனியாகச் சிரிக்கிறான். இதுவாவது அமைய வேண்டும், நடுவில் எந்தக் குளறுபடியும் வந்துவிடக் கூடாது. அக்காவின் ஒரே கவலை அதுதான். இந்த மாதிரிக் கவலை இருக்கிற வீட்டைத்தான் குளறுபடி விலாசம் விசாரித்துக்கொண்டு வரும்.

அச்சகக் கம்ப்யூட்டரில் அவனுடைய மெசேஜ் பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு நாள் அதில் இப்படி ஒன்று வந்தது: "உங்களை மனதுக்குள் நினைத்து உருகுபவர் யார்? தெரிந்துகொள்ள இங்கே தொடவும்." அனுப்பியவர், அச்சகத்துக்குப் பேப்பர் சப்ளை செய்பவர். விலைப்பட்டியலைத் தவிர வாழ்நாளில் வேறெதையும் அனுப்பியறியாத மனிதர். சின்னவன் தொட்டான்.

"ஏன்டா தொட்டே?" என்று அக்கா பிறகு கேட்டாள்.

"அவதான் சொல்லி அனுப்பியிருப்பாளோன்னு நெனச்சேன்க்கா."

"யாரு மூலமா? பேப்பர்காரர் மூலமாவா?"

அதற்குள் அவன் பெயரில், அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு செய்தி பறந்துவிட்டிருந்தது. "ஐயையோ! இந்த வீடியோவில் இருப்பது நீங்களா? அசிங்கம்!" கீழே ஒரு லிங்க். அத்தனை பேரில் வருங்கால மாமனாரும் ஒருவர்.

மாமனார் ஓய்வுபெற்ற ஆடிட்டர். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கே அத்தாட்சி கேட்கிற ரகம். மடியில் கனமில்லாத மனிதர் அந்த லிங்க்கைச் சீந்தாமல் விட்டிருக்க வேண்டுமா இல்லையா? இவர் தொட்டார். வீடியோ வரவில்லை என்றதும் மறுபடி தொட்டார். தான் அதில் இல்லை என்று உறுதியாகத் தெரிகிற வரைக்கும் தொட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றது. நிற்பதற்கு முன்னால், அவருடன் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அவர் பெயரிலேயே "அசிங்கம்!" என்று சொல்லிவிட்டு நின்றது. அவருடைய பழைய மேலதிகாரி போன் செய்து, நடுங்குகிற குரலில், "எந்த வீடியோப்பா?" என்று கேட்டாராம்.

அன்றைக்கே அக்காவுக்கு போன் வந்தது. "இதோ பாரும்மா. உங்க வீட்டு போன்லேர்ந்து இன்னொரு தடவை கண்ட கண்டது வந்துச்சுன்னா, இந்தச் சம்பந்தமே வேணாம். சொல்லிட்டேன்."

அக்கா மன்னிப்புக் கேட்டாள். வாயாடி மன்னிப்புக் கேட்பது லேசுப்பட்ட காரியமா? கேட்டாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்து எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, "லிங்க் வந்தா உடனே தொடாதீங்க. அனுப்பினதா பேர் இருக்கே, அவங்கதான் அனுப்பினாங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல யோசனைதான். அதை அப்படியே சம்பந்திக்கும் சொல்லி வைத்தாள் அக்கா. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். ஆடிட்டருக்கு அந்த விதி அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

கல்யாணப் பத்திரிகை தயாரானது. அன்று சாயங்காலத்துக்குள் அச்சில் ஏறினால்தான் மறுநாள் தபாலில் சேர்க்க முடியும். அச்சடிக்கும் முன் தான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது சம்பந்தியின் கட்டளை. அக்கா முதலில் ஒரு படமாக அனுப்பினாள். "எழுத்து கலங்கலாக உள்ளது. என் பெயருக்குப் பின்னால் இருப்பது புள்ளியா தூசியா தெரியவில்லை" என்று பதில் வந்தது. பெரிய ஃபைலை மெசேஜில் அப்படியே அனுப்ப முடியாது. அதை இணையத்தில் ஏற்றி, லிங்க்கை அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "யார் நீ?"

அக்கா போன் போட்டாள். "நான்தாங்க, மாப்பிள்ளையோட அக்கா."

"குரலை அப்படியே போலியா செய்யறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கான். உங்க குரல்ல யார் வேணாலும் பேசலாம்."

"என் குரலை எவனுங்க திருடப்போறான்? எனக்கே அது பிடிக்காது."

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பெண்ணைக் கேட்கலாம் என்றால், வேலை நேரத்தில் அவள் போன் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அதற்குள் இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் இருக்கிற 'இரு வீட்டார்' குழுவில் சம்பந்தியின் செய்தி வந்து விழுந்தது: "மாப்பிள்ளையின் அக்கா என்று சொல்லிக்கொள்பவர், தான் அவர்தான் என்பதை எல்லோர் முன்னிலையிலும் நிரூபிக்கவும். அதுவரை யாரும் எந்த லிங்க்கையும் தொட வேண்டாம்."

"சொல்லிக்கொள்பவராமே!" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"கோபப்படாதேக்கா. எனக்காக" என்றான் சின்னவன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாமல் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அக்கா கோபத்தை விழுங்கிக்கொண்டு தட்டினாள். "உங்க பொண்ணுக்குப் பிடிச்ச நிறம் ஊதா."

"துணி எடுத்தபோது இதே குழுவில் பேசியது. வைரஸ் படித்திருக்கும்."

"நீங்க டீக்குச் சர்க்கரை போட மாட்டீங்க."

"என் மருந்துச் சீட்டு போனில் உள்ளது. அதையும் படித்திருக்கும்."

"எங்க தம்பி கொஞ்சம் குண்டு."

"போட்டோ உள்ளது."

சின்னவன் பெருமூச்சு விட்டான். சம்பந்தி தொடர்ந்தார்: "போனில் ஏறிய எதுவும் சாட்சி ஆகாது. நம் இரு வீட்டாருக்கும் தெரிந்து, இதுவரை யாரும் எழுதாத, யாரும் பேசாத ஒன்றைச் சொல்லவும். முடியாவிட்டால் பத்திரிகையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்."

யாரும் எழுதாத, யாரும் பேசாத ஒன்று. அது என்ன என்று அக்காவுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் போனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் ஒரு விஷயத்தை இரண்டு வீட்டாரும் பேசாமல் இருக்கிறார்கள் என்றால், அது பேசக்கூடாத விஷயமாகத்தான் இருக்கும்.

முதன்முதலில் சம்பந்தி வீட்டுக்குப் போன நாள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பேச்சுவாக்கில் அக்கா, "உங்க பொண்ணை எங்க வீட்டுப் பொண்ணா பாத்துக்குவோம்" என்றாள். உடனே ஆடிட்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். "ஆமா சார்... கோப்பு என் மேஜையிலதான் சார் இருக்கு..." ஓய்வு பெற்ற மனிதருக்கு எந்த மேஜை, எந்தக் கோப்பு? அப்போது, காதில் வைத்திருந்த அந்த போனே மணி அடித்தது. மணி என்றால் சேவல் கூவுகிற சத்தம். அறையே அதிரக் கூவியது.

பெரிய மனிதர்கள் என்றால் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா விட்டத்தைப் பார்த்தாள். சம்பந்தியம்மா அவசரமாக இன்னொரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். கூட வந்திருந்த சித்தப்பா இருமினார். சின்னவன் மட்டும் சிரிப்பை அடக்கி அடக்கிக் குலுங்கியதில் நாற்காலி முறிந்து கீழே விழுந்தான். நாற்காலி புண்ணியத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதோடு சேவல் கூவவே இல்லை என்று இரண்டு குடும்பமும் சொல்லிக்கொள்ளாமலேயே முடிவு செய்துவிட்டது.

"அக்கா, வேணாம்க்கா. அதை மட்டும் எழுதாதே" என்றான் சின்னவன். அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"எழுத மாட்டேன்டா. எனக்கென்ன பைத்தியமா?"

அப்போது போன் ஒரு முறை அதிர்ந்தது. "பதில் இல்லை. எனவே இவர் வைரஸ்தான்."

அக்காவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வாயாடி என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாள். வைரஸ் என்றால்? கட்டை விரல் தானாக ஓடியது. "அன்னைக்கு நீங்க காதுல வச்சுப் பேசிக்கிட்டிருந்த போன், பேசும்போதே கொக்கரக்கோன்னு கூவிச்சே, அதை வைரஸ் பாத்துச்சா? நான் பாத்தேன்!"

அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தாள்.

குழுவில் ஒவ்வொருவராகப் படிப்பது மட்டும் தெரிந்தது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். போட்ட வேகத்தில் அழித்தார். சின்னவன் பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்தான். கட்டு அமுங்கியது.

"போச்சு" என்றான்.

"நானே கெடுத்துட்டேனேடா" என்றாள் அக்கா. இத்தனை வருஷம் அலைந்து அலைந்து தேடியதை, இந்தப் பாழாய்ப்போன விரல் ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டதே. தம்பி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. பெண்தான். டீ இடைவேளை போலிருக்கிறது. "அப்பா, இது அண்ணிதான். தொடுங்க."

அண்ணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மாவும் வந்தாள். "சேவல் கூவினது எனக்கும் கேட்டுச்சு. அதான் பிஸ்கட் பிரிச்சேன்."

சம்பந்தியின் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. சின்னவன் மூச்சு விடுகிறானா என்று அக்கா ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கடைசியில் வந்தது:

"ஒப்புக்கொள்கிறேன். இவர் மாப்பிள்ளையின் அக்காதான். வைரஸுக்கு இவ்வளவு வாய் இருக்காது. விதி எல்லோருக்கும் பொது என்பதால், நான் நான்தான் என்று நானும் நிரூபிக்க வேண்டும். அன்று எனக்கு போன் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோர் எதிரிலும் அழக் கூச்சமாக இருந்தது. அதனால் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். இது வைரஸுக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது."

சம்பந்தியம்மா எழுதினாள். "தெரியும்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பேப்பர் கட்டு மேல் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். குழுவில் இருந்தவர்களுக்கோ ஒரு ஆவேசம் வந்துவிட்டது. கேட்காமலே ஆளாளுக்குத் தங்களை நிரூபிக்கத் தொடங்கினார்கள். அன்று பிரித்த பிஸ்கட்டில் பாதி தன் சட்டைப்பையில்தான் வந்தது என்றார் சித்தப்பா. முறிந்த நாற்காலிக் காலை மாப்பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்ததைத் தான் பார்த்ததாகப் பெண் எழுதினாள். "அதைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னேன்" என்றும் எழுதினாள்.

இத்தனைக்கும் நடுவில் சம்பந்தி லிங்க்கைத் தொட்டிருக்கிறார், பத்திரிகையைப் பார்த்திருக்கிறார். "பெயருக்குப் பின்னால் இருப்பது தூசிதான். நீக்கிவிட்டு அச்சடிக்கவும்."

அக்கா தூசியை நீக்கினாள். மனசு கேட்கவில்லை, எல்லோர் எதிரிலும் மானத்தை வாங்கிவிட்டோமே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று சம்பந்திக்கு போன் போட்டாள். லைன் பிஸி. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். பிஸி. 'மனுஷன் மறுபடியும் யார்கிட்டயோ கோப்பு மேஜையில இருக்குன்னு சொல்றார்' என்று நினைத்துக்கொண்டு, மிஷினைப் போடப் பின்பக்கம் போனாள்.

மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சின்னவன் நின்றிருந்தான். போன் காதில் இருந்தது. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. "சரிங்க மாமா... பாத்துக்கறேன் மாமா... அழாதீங்க மாமா... நானா? நான் அழலீங்க மாமா, இங்க மை வாடை..."

அக்கா மிஷினைப் போடவில்லை. நடுவில் சேவல் ஏதாவது கூவுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். கூவவில்லை.