புல்லட்டுக்கு ஒரு மேஜை

செயின் மாட்டுவதற்காகப் புல்லட்டுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவன், முதுகு பிடித்துக்கொண்டு ஒரு யுகம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அதற்குள் காயலில் வேலியேற்றம்; கடல் பொங்கி ஏறிய தண்ணீர் கராஜுக்குள் வந்துவிட்டது. ஒரு கரிமீன் என் காதில் குடித்தனம் நடத்த இடம் பார்த்துவிட்டுப் போனது.

என்னைத் தூக்கி நிமிர்த்திய என் மனைவி கமலாக்ஷி தீர்ப்புச் சொன்னாள். "இனிமே தரையில படுக்கப்படாது. அதுக்கு வழி பண்ணலேன்னா, ஞாயித்துக்கிழமை நாணு வந்து வண்டியை எடுத்துண்டு போயிடுவான், கேட்டேளா?"

நாணு அவள் தம்பி. திருப்பூணித்துறைக்காரன். என் புல்லட்டைப் பார்க்கும்போதெல்லாம் பாயசத்தைப் பார்க்கிற முகம் அவனுக்கு.

மறுநாளே, பக்கத்து வீட்டு மிளகு வியாபாரி சிகாபுதீனையும் இழுத்துக்கொண்டு, மூவருமாகக் கலூரில் பைக் லிப்ட் விற்கும் கடைக்குப் போனோம். அங்கே இரண்டு வகை: கத்திரிபோல விரிகிற குட்டி ஜாக்கி, வண்டியை அப்படியே மேலே ஏற்றி நிறுத்துகிற ஹைட்ராலிக் மேஜை.

"பாரம் ஏத்தாம எப்படித் தெரியும், சாமி?" என்றார் சிகாபுதீன். மூட்டை ஏற்றாத தராசை அவர் நம்பியதே கிடையாது. கடையில் புல்லட் இல்லை. ஆனால் அவரும் நானும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு புல்லட். ஏறிவிட்டோம்.

ஜாக்கியின் மேல் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, புயலில் மாட்டிய வள்ளம்போல ஆடினோம். மேஜையிலோ, முன்னும் பின்னுமாகச் சவாரி போகிற தோரணையில் உட்கார, விமானம்போல எழும்பினோம். எனக்கு லட்சத்தீவு தெரிந்தது.

"இதுதான்," என்றேன்.

"உங்க கராஜ் உத்தரம் என் மூக்கு உசரம்தானே, சாமி. இவ்வளவு தூக்கினா ஹாண்டில் ஓட்டைப் பிரிச்சிட்டு வெளியே போகும்," என்றார் சிகாபுதீன்.

தரையின் நீள அகலத்தை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு வந்த நான், தலைக்கு மேலே பார்க்கவே இல்லை. புல்லட் நாணு வீட்டு வாசலில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது.

"பாதி உயரத்துலயும் பூட்டலாம், சாரே," என்றார் கடைக்காரர். "பட்சே, நின்னு வேலை செய்ய முடியாது. குனியணும்."

"இவரை நிக்கச் சொன்னது ஆராக்கும்?" என்ற கமலாக்ஷி, கடைக்காரரின் நாற்காலியையே இழுத்துப் போட்டு, பாதியில் பூட்டிய மேஜைக்கு எதிரே என்னை உட்காரவைத்தாள். முதுகு ஆணியடித்த மாதிரி நேராக நின்றது. "இது மதி, இது போரும். கட்டச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை நாணு புது ஹெல்மெட்டும் கையுமாக வந்தான். மேஜைமேல் புல்லட் கொலு வீற்றிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன அக்கா இது?"

"சாயா குடிச்சுட்டுப் போ," என்றாள் கமலாக்ஷி.

போகும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினான். போலீஸ் என்று நினைத்துக் கண்டக்டர் எழுந்து சல்யூட் அடித்ததாகக் கேள்வி.