முப்பத்தேழு எடுக்காத அழைப்புகள்

காலையில் எழுந்து பல் விளக்குவதற்குள் அமிர்தம் மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். முதல் ஆள் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். நேற்று சாயங்காலம் இந்த நம்பரிலிருந்து பேசியது யார் என்று கேட்டான். யாரும் பேசவில்லை என்றதும் அவன் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. இரண்டாவது ஆள் போலீசுக்குப் போவேன் என்றான். மூன்றாவது ஒரு வயசான அம்மாள். அவர் திட்டவில்லை, அழுதுகொண்டே சாபம் விட்டார். திட்டைத் துடைத்துப் போட்டுவிடலாம், அந்தச் சாபத்தை அமிர்தத்தால் துடைக்க முடியவில்லை.

இது மூன்றாவது நாள். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு கும்பல், வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டு முடங்கிவிட்டது என்று சொல்லி ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் கூப்பிடும்போது எதிராளியின் போனில் தெரிவதென்னவோ அமிர்தத்தின் நம்பர். ஏமாந்தவர்களும் தப்பித்தவர்களும் கோபத்தோடு அந்த நம்பருக்கே திருப்பி அடித்தார்கள். "அது நாங்க இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. நம்பத்தான் ஆள் இல்லை. திருடியும் அதைத்தானே சொல்வாள் என்று கேட்டான் ஒருவன்.

வேறு யாராக இருந்தாலும் சிம் கார்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அமிர்தத்தால் அது முடியாது. அவள் புருஷன் சுப்புராயன், கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் சேறும் பாறையுமாகக் கிடக்கும் பாதையில் போவது அவன் ஜீப்தான். பாம்புக்கடி, பிரசவம், மரத்திலிருந்து விழுந்தவன், எதுவானாலும் அந்த நம்பர்தான். மலையில் பன்னிரண்டு ஊர்ச் சுவர்களில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டி மலை ஏறிவிட்டால் பெரும்பாலும் சிக்னல் இருக்காது, ஓட்டுகிறவனிடம் போன் இருந்து பயனில்லை. ஆகவே வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அமிர்தத்தின் கையில்.

அந்த வாரம் அவளுக்குப் போனை விட்டு நகரவே பயம். காரணம் மலை ஊரான நெல்லிக்குழியில் இருக்கும் சந்தியா. நிறைமாதக்காரி. போன வாரம் அவளை ஸ்கேனுக்கு இறக்கி வந்தபோது அமிர்தமும் கூடப் போயிருந்தாள். குழந்தையின் தலை மேலே இருக்கிறது, வலி எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். இங்கேயே வந்து தங்கிக்கொள் என்று அமிர்தம் கூப்பிட்டுப் பார்த்தாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியவள், திரும்பவும் இறங்கி வந்து அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் போன எடுத்துடுக்கா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டது. பதினோராவது ஆள் திட்டிக்கொண்டிருக்கும்போதே அமிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே இருந்த பாயிஸாவின் மளிகைக் கடைக்குப் போனாள். பாயிஸாவின் தம்பி அமீனுல்லாவுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை. அக்காவைப் பார்க்க அன்று வந்திருந்தான். போனை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"நம்பர யாரும் திருடலக்கா. எங்கியோ உக்காந்துக்கினு, உங்க நம்பர் தெரியற மாதிரி அடிக்கிறானுங்க. நாலஞ்சு நாள்ல வேற நம்பருக்குப் போயிடுவானுங்க."

"நாலஞ்சு நாளா? அதுக்குள்ள எனக்கு பைத்தியம் புடிச்சிடும் தம்பி."

"அப்ப ஒண்ணு பண்றேன். நீங்க பேர் போட்டு வெச்சிருக்கிற நம்பர்லேருந்து வந்தா மட்டும் அடிக்கும். மத்ததெல்லாம் தானா கட்டாயிடும். மலைக்காரங்க நம்பரெல்லாம் இருக்குல்ல?"

"அம்பத்திமூணு பேரும் இருக்காங்க. ஊர் பேரோட."

"தெரியாத நம்பர்லேருந்து யார்னா அவசரமா கூப்புடுவாங்களா? யோசிச்சு சொல்லுங்க."

அமிர்தம் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் அவன் கையிலிருந்த போன் பன்னிரண்டாவது தடவையாக அலறியது. "அதெல்லாம் யாரும் கூப்புட மாட்டாங்க. நீ போடு" என்றாள்.

அதற்கப்புறம் போன் வாயைத் திறக்கவில்லை. அமிர்தம் நிம்மதியாகக் குளித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குத் தூறலாக ஆரம்பித்து, பதினொன்றுக்கெல்லாம் தெரு தெரியாமல் கொட்டியது. சுப்புராயன் ஜீப்பை மாட்டுக்கொட்டகையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றேகால் மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தான்.

"மழை இப்டி ஊத்துது, மலைலேருந்து ஒரு போன் கூடவா வர்ல?" என்றான்.

அமிர்தம் பெருமையாகச் சொன்னாள். அமீனுல்லா என்ன செய்தான், எப்படி எல்லாத் திட்டும் ஒரே அமுக்கில் நின்றது என்று கதையாகச் சொன்னாள். சுப்புராயன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளையே பார்த்தான்.

"ஏண்டி, நெல்லிக்குழியில எவன் போன்ல சிக்னல் கெடைக்குது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெல்லிக்குழிக்காரர்களுக்குப் போன் என்றால் பாட்டுக் கேட்கவும், இருட்டில் டார்ச் அடிக்கவும்தான். பேசவேண்டுமென்றால் ஒன்றரை மைல் நடந்து ரோட்டு வளைவுக்கு வரவேண்டும். அங்கேயும் ஒரே ஒரு கம்பெனி சிம்முக்குத்தான் டவர் எடுக்கும். ஆகவே வளைவில் நின்றுகொண்டு, வருகிற போகிற வண்டியை மறித்து, பஸ் கண்டக்டரோ வனத்துறை வாட்சரோ லாரிக்காரனோ யார் கையில் சிக்னல் உள்ள போன் இருக்கிறதோ அதை வாங்கிப் பேசுவார்கள். ஏழு வருஷமாக அப்படித்தான். சந்தியாவின் புருஷன் அய்யப்பன் தன் சொந்த நம்பரிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? தெரிந்திருந்தும், நாலு திட்டு தாங்க முடியாமல் கதவைச் சாத்திவிட்டாள்.

போனைத் திறந்து பார்த்தாள். தானாகக் கட்டான அழைப்புகள் முப்பத்தேழு. வெறும் எண்கள், பெயரே இல்லை.

"நான் சக்கரத்த மாட்டறேன், அரை மணி ஆவும். அதுக்குள்ள எந்த ஊரு, எங்க நிக்கிறாங்கன்னு கண்டுபுடி" என்று சொல்லிவிட்டு சுப்புராயன் எச்சில் கையோடு ஓடினான்.

அமிர்தம் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரே நம்பர் அடுத்தடுத்து அடித்திருந்தால் அது அவசரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். அப்படி மூன்று நம்பர்கள் இருந்தன. முதலாவதை அழைத்தாள்.

"மறுபடியும் நீயா?" என்று ஆரம்பித்தான் ஒருவன். அவள் வைத்துவிட்டாள்.

இரண்டாவது நம்பரில் ஒரு பெண். "மோசடின்னு செவப்பா காட்டுது, அப்பவும் தைரியமா அடிக்கிற பாரு" என்றாள். அமிர்தத்துக்கு அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. மூன்று நாளில் எத்தனை பேர் புகார் போட்டார்களோ, அவள் யாரைக் கூப்பிட்டாலும் இனி அங்கே தெரியப்போவது அவள் பெயரல்ல, சிவப்பு எழுத்து.

மூன்றாவது நம்பர் பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு நிமிஷத்தில் நாலு தடவை அடித்திருந்தது. இதுதான் என்று அவள் மனசு சொன்னது. அழைத்தாள். இரண்டு தடவை மணி அடித்துக் கட்டானது. மறுபடி அழைத்தாள். ஒரே மணியில் கட்டானது. மூன்றாவது தடவை மணியே போகவில்லை. எடுத்த எடுப்பில் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பதிவுசெய்த குரல் சொன்னது. நாலாவது தடவையும் அதே குரல். அந்த ஆள் அவள் நம்பரை அடைத்துவிட்டான். காலையில் அவள் செய்த அதே காரியத்தை.

கொட்டகையில் சுப்புராயன் சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று மழையில் இறங்கித் தெருவைக் கடந்து ஓடினாள். பாயிஸா யாருக்கோ வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"பாயிஸா, உன் போன குடு. இன்னா ஏதுன்னு கேக்காத."

பாயிஸா கேட்கவில்லை. வெல்லக் கையோடு போனை எடுத்து நீட்டினாள். அமிர்தம் நம்பரை அழுத்தினாள். மணி மூன்று தடவை, நாலு தடவை, ஐந்து தடவை அடித்தது. எடுத்துவிட்டான். பின்னால் லாரி எஞ்சின் சத்தம்.

"அண்ணே, வெச்சிடாதீங்க. காத்தால உங்க போன்லேருந்து யார்னா கச்சிராயபாளையத்துக்கு அடிச்சாங்களா?"

"யாரும்மா நீ?"

"ஜீப்புக்காரர் சம்சாரங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் நின்றது. "அய்யய்யோ, செவப்பா வந்தது உங்க நம்பரா? ஏமாத்துக்காரன்னு கட் பண்ணிட்டேனே! நான் மரவள்ளி லாரிம்மா. நெல்லிக்குழி வளைவுல ஒருத்தரு கும்புட்டு வண்டிய நிறுத்துனாரு. பொஞ்சாதிக்கு வலின்னாரு. நாலு தடவ அடிச்சோம், அடிச்ச ஒடனே கட்டாயிடுச்சு."

"இப்ப எங்க இருக்காங்க? ஊர்லயா?"

"இல்லம்மா. ஜீப்பு வராதுன்னு சொல்லிட்டாரு. கம்புல தூளி கட்டி, அவள ஓடைப் பக்கமா எறக்கி, பாலத்தாண்ட போயிடறோம், அங்க ஏதாவது வண்டி வரும்னு சொல்லிக்கினு ஓடுனாரு. நான் லோடோட எறங்கிட்டேன். பெத்தவன் மாதிரி நின்னிருக்கணும். நிக்கல."

பாலம் மலையின் மறுபக்கம், மலை ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில். சுப்புராயன் நேராக நெல்லிக்குழிக்கு ஏறியிருந்தால் வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான். அமிர்தம் கொட்டகைக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னாள். அவன் கடைசி நட்டை முறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இரண்டு மணிக்கு ஜீப் தெருமுனையில் திரும்பியது.

இனிக் காத்திருப்பதுதான் பாக்கி. பாயிஸாவைக் கொண்டு, அமீனுல்லா போட்டிருந்த அடைப்பை முதலில் எடுத்துவிட்டாள். சேதி எந்த நம்பரிலிருந்து வருமென்று யாருக்குத் தெரியும்? அடைப்பை எடுத்த மூன்றாவது நிமிஷம் மணி அடித்தது. அமிர்தம் பாய்ந்து எடுத்தாள். "எத்தன பேர் தாலிய அறுத்த?" என்றான் ஒருவன். அடுத்தது, உடனடிக் கடன் வேண்டுமா என்று தேனாகப் பேசும் பதிவுக் குரல். அடுத்தது மறுபடியும் வசவு.

"குடுக்கா, நான் பேசுறேன்" என்று பாயிஸா கையை நீட்டினாள்.

"வேணாம். நான்தான் எடுக்கணும்."

மூன்றரை ஆயிற்று. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் தூளியோடு எப்படிக் கடந்திருப்பார்கள் என்று நினைத்தாள், உடனே நினைப்பை உதறினாள். நாலரை ஆயிற்று. மழை விட்டது. பாயிஸா கொண்டுவந்த டீ ஆடை படர்ந்து ஆறிப்போனது. அதுவரைக்கும் இருபத்தாறு பேர். யாரிடமும் அவள் எதிர்வாதம் செய்யவில்லை. சொல்லுங்க என்பாள், மலைக் குரல் இல்லை என்று தெரிந்ததும் வைத்துவிடுவாள்.

ஐந்து இருபதுக்கு இன்னொரு தெரியாத நம்பர்.

"சொல்லுங்க."

"ஜீப்பு நம்பர்தான இது?" ஒரு பெண்ணின் குரல், கத்தி மாதிரி. "நீதான் போன் எடுக்கிறவளா?"

"ஆமாங்க. நீங்க?"

"மலை மேல ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன், நர்சு. அறிவிருக்கா உனக்கு? ஊர் ஊரா செவுத்துல நம்பர எழுதி வெச்சிட்டு, போன அடைச்சு வெச்சா இன்னா அர்த்தம்? அந்தப் பொண்ண மழையில மூணு மணி நேரம் தூளியில தூக்கியாந்திருக்கானுங்க. ஜீப்புல ஏத்தி இங்க கொண்டாந்து போடும்போது புள்ளையோட காலு வெளிய வந்துடுச்சு. இன்னும் பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும், தெரியுமா? உன்ன நம்பித்தான அவ்ளோ பேரு மலையில கெடக்கறாங்க?"

போயிருக்கும் என்றால் போகவில்லை. அமிர்தம் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நர்ஸ் நிறுத்தவில்லை, பொறுப்பு, மனசாட்சி, பொம்பளைக்குப் பொம்பளை என்று மூச்சு விடாமல் கிழித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் கேட்ட ஏச்சில் இது ஒன்றுதான் விலாசம் தப்பாமல் வந்து சேர்ந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

"நான்தாங்க பண்ணேன்" என்றாள், கண்ணீர் வாயில் வழிய. "என் தப்புதாங்க. நல்லா திட்டுங்க."

பிறகு நர்ஸ் குரலை இறக்கி, பெண் குழந்தை, எடை கொஞ்சம் கம்மி, தாய் தூங்குகிறாள் என்றார்.