முன் இடது சக்கரம்

செந்துறை பஸ் எங்கள் ஊர் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். ரோட்டின் நடுவில் என் அப்பா ஒரு மனிதரை அடித்துக்கொண்டிருந்தார்.

கையில் வேலியிலிருந்து பிடுங்கிய கருவேலங்கம்பு. முள்ளைக்கூடச் சீவவில்லை. அப்பாவோடு இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாரும் எனக்கு மாமா, சித்தப்பா முறை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேர் காட்டியவர்கள். அவர்களில் ஒருவர் கீழே கிடந்தவரின் கையைச் செருப்புக் காலால் மிதித்துத் திருகினார். விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்காது என்று பிறகு பலர் சொன்னார்கள். கேட்டது.

அவர்களுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ரோட்டைக் குறுக்கே தாண்டி, எதிர்ப்பக்கம் போய்ப் புளியமரத்தில் முட்டி நின்றிருந்தது. பம்பருக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது அசோக் அண்ணனின் பைக். அசோக் என் பெரியப்பா மகன். பெரியப்பா செத்த பிறகு அப்பாதான் வளர்த்தார். என்னைவிட அவன்மேல்தான் பாசம் அதிகம் என்று நான் சண்டை போட்டதுண்டு. மரத்தடியில் பைக்கை நிறுத்திப் போன் பேசிக்கொண்டிருந்தவனை லாரி தேடி வந்து அடித்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, தோலில் தொங்குகிறது, லோடு ஆட்டோவில் அரியலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பக்கத்தில் யாரோ அழுதபடி சொன்னார்கள்.

"ராங் சைடுல வந்து அடிச்சிருக்கான்டா! தண்ணியப் போட்டுட்டு வண்டிய எடுத்திருக்கான்!"

"குடிக்கலைங்க... ஆடு குறுக்க வந்துச்சு, பிரேக்க அமுக்குனேன்... வண்டி வலது பக்கம் இழுத்துகிட்டுப் போயிடுச்சுங்க..."

அந்தக் குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அரியமுத்து. காலையில் என் கையிலிருந்துதான் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

ரோட்டைப் பார்த்தேன். வலது முன் சக்கரம் தேய்த்துக்கொண்டு போன கறுப்புத் தடம் தாரில் அழுத்தமாக விழுந்திருந்தது. இடது முன் சக்கரத்துக்குத் தடமே இல்லை. சுற்றி நின்ற நூறு பேரில் அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்குக் காரணம் தெரிந்தவளும் நான்தான்.

நான் செந்துறை அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு, ஆட்டோமொபைல். வகுப்பில் முப்பத்தொரு பையன்கள், நான் ஒருத்தி. "நர்சிங் இருக்குல்ல, அதுல சேரு" என்றார் அப்பா. மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்துதான் கையெழுத்து வாங்கினேன். "ஒரு பேச்சு வரட்டும், அன்னைக்கே நிறுத்திப்புடுவேன்" என்று சொல்லித்தான் போட்டார். படிப்போடு பத்து நாள் பட்டறைப் பயிற்சியும் உண்டு. அரியலூர் எல்லையில் செல்லமுத்து மேஸ்திரியின் லாரிப் பட்டறையில் என்னைச் சேர்த்தார்கள். அப்பாவின் பழைய சட்டையைச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு போவேன்.

முந்தின நாள் மாலை இந்த லாரியை வேறொரு டிரைவர் கொண்டுவந்து விட்டுப்போனார். முன் இடது சக்கரத்தின் பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் கிழிந்திருந்தது. புதுக் குழாய் திருச்சியிலிருந்து வர இரண்டு நாளாகும். முதலாளி போனில் கத்தினார். வண்டி நிற்கக் கூடாதாம். அதனால் மேஸ்திரி டம்மி போடச் சொன்னார். டம்மி என்றால் வேறொன்றுமில்லை, கட்டைவிரல் அளவு பித்தளை அடைப்பான். அதைக் குழாயின் வாயில் முடுக்கிவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கிடையாது, மற்றவை பிடிக்கும். மெல்லப் பிடித்தால் தெரியாது. முழு லோடில் ஓங்கி அமுக்கினால் வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். அரியலூரில் எத்தனை லாரிகள் இப்படி ஓடுகின்றன என்று யாராவது எண்ணினால் ரோட்டில் இறங்கவே பயப்படுவார்கள். வண்டிக்கடியில் படுத்து அதை முடுக்கியது நான். எட்டாவது நாளே மேஸ்திரி என்னை நம்பிக் கொடுத்த வேலை. பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

டம்மி போட்ட வண்டிக்கு அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியைப் பார்த்தால் டிரைவர் எந்தச் சக்கரம் என்று கேட்பார். அதற்கேற்ப மெதுவாக ஓட்டுவார். காலையில் பெரம்பலூருக்குச் சாமான் வாங்கக் கிளம்பிய மேஸ்திரி துணியை என் கையில் கொடுத்தார். "வேற டிரைவர் வருவாரு. துணியக் கட்டி, முன்னாடி இடதுன்னு வாயால சொல்லிட்டு அப்பறமா சாவியக் குடு பாப்பா. மறந்துடாத."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

துணியோடு நான் கேபினில் ஏறப் போனபோது அரியமுத்து வந்தார். எறையூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். என்னையும் என் கையையும் பார்த்துச் சிரித்தார். "பட்டறையில ஆம்பளைங்க யாரும் இல்லையா? பொம்பளப்புள்ளையெல்லாம் ஸ்பேனர் புடிச்சா வண்டி வெளங்குமா? எறங்கு பாப்பா, போயி ஒரு டீ வாங்கிட்டு வா. வண்டிய நான் பாத்துக்கறேன்."

வகுப்பில் முப்பத்தொரு பேர் இரண்டு வருடமாகச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. துணியைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்தேன். நீங்கள்தான் பார்த்துக்கொள்வீர்களே, பாருங்கள். இழுக்கும்போது திரும்பி வந்து என்னிடமே கேளுங்கள். அப்படித்தான் நினைத்தேன்.

"வண்டி ரெடி" என்று சாவியை நீட்டினேன்.

அவர் திரும்பி வரவில்லை. இரண்டு நடை ஒழுங்காக அடித்துவிட்டார். மூன்றாவது நடையில் எங்கள் ஊர் வளைவில் ஆடு குறுக்கே வந்திருக்கிறது.

"எந்த ஊருடா நீ?" என்று கேட்டார் ஒரு சித்தப்பா.

"எறையூருங்க."

"எறையூர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரியமுத்து ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தெருவின் பேரைச் சொன்னார். பொய் சொல்லியிருக்கலாம். அதுவரை கோபத்தில் விழுந்த அடி, அதற்குப் பிறகு உரிமையோடு விழுந்தது. ஒருவர் லாரியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்து வந்து முழங்காலில் இறக்கினார். இன்னொருவர் முகத்தில் உதைத்தார். அப்பாவின் கம்பிலிருந்த முள் அவர் கண்ணைக் கீறிக்கொண்டு போனது. அரியமுத்து கத்திய கத்தலுக்கு நின்றிருந்த பஸ்ஸிலிருந்து குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு போகும். அசோக் காலை எடுத்தவள் என்ற பேர் சாகும்வரை நிற்கும். அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். சொல்லாவிட்டால் டம்மியைப் பற்றி யாருக்கும் தெரியாது. குடிகாரன் என்றே முடிந்துவிடும். இத்தனையும் ஒரு மனிதர் சாவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். என்னை நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

யாரோ பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்தார்கள். "வண்டியோட சேத்துக் கொளுத்துங்கடா!" ஆளை லாரிப் பக்கம் இழுத்தார்கள். சட்டை கிழிந்து முதுகு தாரில் உரசியது. அவர் கத்தவில்லை. கத்துகிற நிலையைத் தாண்டிவிட்டார்.

"அவர விடுங்க!" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போய் லாரியில் ஏறி ஏர்ஹாரனை அமுக்கினேன். கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் ஊரே நின்று திரும்பிப் பார்த்தது.

கீழே குதித்துச் சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துப் பிடித்தேன்.

"அவரு குடிக்கல. இந்த வண்டிக்கு முன் இடது பக்கம் பிரேக்கே இல்ல. குழாய அடைச்சது நான். சொல்லச் சொன்னாங்க, நான்தான் சொல்லாம சாவியக் குடுத்தேன். சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க, டம்மி இருக்கு."

யாரும் குனியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், தன் பழைய சட்டையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"கலையரசி, வூட்டுக்குப் போ."

"போவ மாட்டேன்ப்பா. அசோக் அண்ணன அடிச்சது நான்தான். அடிக்கணும்னா என்னைய அடிங்க."

அடித்தார். அதே கம்பு, அதே வேகம். தோளில் விழுந்தது. எலும்பு உள்ளே முறிந்து விலகியது. முள் காதைக் கிழித்துக்கொண்டு போனது. மண்ணில் விழுந்தேன். அப்பா மறுபடி ஓங்கினார்.

"ராசாங்கம்! பெத்த புள்ளடா!" என்று பத்துப் பேர் பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். கம்பைப் பிடுங்கி வயலில் எறிந்தார்கள். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடினார். இன்னொருவர் துண்டைக் கிழித்து என் காதில் கட்டினார். விரலை மிதித்துத் திருகிய அதே சித்தப்பாதான். அரைமணி நேரமாக எட்டுப் பேர் சேர்ந்து அடித்தபோது அரியமுத்துவைப் பிடித்துத் தடுக்க ஒரு கை நீளவில்லை. எனக்கு ஓர் அடி விழுந்ததும் பத்துக் கைகள். அழுகை வரவில்லை எனக்கு, ஆத்திரம்தான் வந்தது. அப்பாவைப் பிடித்து நின்றவர்கள் மறுபடி அடிக்கப் போகவில்லை. போலீஸ் வரும்வரை அரியமுத்து தனியாகக் கிடந்தார்.

அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் எனக்குத் தோளில் கட்டுப் போட்டார்கள். அசோக்கை அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்துவிட்டார்கள். அப்பாவையும் ஆறு பேரையும் கைது செய்தார்கள். இரண்டாம் நாள் செல்லமுத்து மேஸ்திரி வந்து, என் கட்டில் ஓரமாக நின்று மெதுவாகச் சொன்னார். "டிரைவர்கிட்ட சொல்லித்தான் சாவியக் குடுத்தேன்னு எழுதிக் குடுத்துடு பாப்பா. பட்டறையும் பொழைக்கும், நீயும் பரீட்ச எழுதலாம். அவன் எங்க எந்திரிச்சு வந்து பேசப் போறான்?" நடந்ததை நடந்தபடியே போலீஸிடம் சொல்லிவிட்டேன், டம்மி போடச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து.

நான்காம் நாள் அதே ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் போனேன். அரியமுத்துவுக்கு இடது கண் போய்விட்டது. கையிலும் காலிலும் மாவுக்கட்டு. அவர் மனைவி வேம்பு நான் யார் என்று தெரியாமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காரும்மா" என்றார். அரியமுத்து மிச்சமிருந்த கண்ணால் என் தோள் கட்டையும் காதையும் வெகுநேரம் பார்த்தார்.

"நீதானா?"

"ஆமாங்க."

"சொல்லச் சொல்லியிருந்தாங்களாமே. ஏன் பாப்பா சொல்லல?"

வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டு வந்தேன். அந்த முகத்துக்கு முன்னால் உண்மை மட்டும்தான் வாயில் வந்தது.

"என்னைய டீ வாங்கிட்டு வரச் சொன்னீங்க."

அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்தது. வேம்பு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்கா?" என்றார் அரியமுத்து.

"அதுக்குத்தாங்க" என்றேன்.